தள்ளுபடி

அக்பர் பிறந்த தேதி எனக்குத் தெரியும்.
1542, அக்டோபர் பதினைந்து.
மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து
மறுகையால் நோட்டைப் புரட்டி
உருப்போட்டது.

எங்கள் வகுப்பில் நாற்பத்தொரு பேர்.
இருபத்தாறு பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்.
ஒன்றாவதில் சேர்க்க வந்த அன்று
தலைமையாசிரியர் பேனாவில் எந்தத் தேதி ஓடியதோ
அதுதான் எங்கள் ஜாதகம்.
நான் ஜூன் ஐந்து.
எனக்குப் பின்னால் நின்ற மாதேஷும் ஜூன் ஐந்து.
அவனுக்குப் பின்னால் மூக்கொழுக நின்றவளும்.

இரண்டாம் ஆண்டில் ஒப்படைப்பு:
உன் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி,
அதற்கு ஒரு முதன்மைச் சான்று.
பத்து மதிப்பெண்.
அருள்ஜோதி தாத்தாவின் பட்டாளத்துப் பதக்கத்தைக் கொண்டுவந்தாள்.
எங்கள் டிரங்குப் பெட்டியில்
ரேஷன் கார்டும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருந்தன.
பத்திரிகை யாருடையதென்று யாருக்கும் தெரியவில்லை.

நான் எப்பம்மா பொறந்தேன்?
"ஆனை நம்ம ராகியத் தின்னுட்டுப் போச்சே, அந்த வருசம்."
எந்த மாசம்?
"கதிர் முத்தியிருந்துச்சு."

யானை தின்றால் மனு கொடுத்திருப்பார்கள்.
மனு கொடுத்திருந்தால் பதிவேடு இருக்கும்.
இரண்டு வருடத்தில் நான் கற்ற வரலாறு
இவ்வளவுதான்.

பாலக்கோடு வனச்சரக அலுவலகம்.
முதல் வெள்ளிக்கிழமை சாவி இல்லை.
அடுத்த வெள்ளி சாவி இருந்தது, ஆள் இல்லை.
மூன்றாவது வெள்ளி எழுத்தர் சென்னகேசவன்
"என்ன கேசும்மா?" என்றார்.
கேஸ் இல்ல சார், ஹிஸ்டரி.
சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்துவிட்டார்.
எண்பத்தாறைக் கரையான் முழுசாகத் தின்றிருந்தது.
எண்பத்தெட்டில் பாதி.
எண்பத்தொன்பது பிழைத்துக் கிடந்தது,
முதுகில் பல்லி முட்டை ஓட்டோடு.

மனு எண் 47. மனுதாரர்: சின்னமாது.
பயிர்: ராகி, அரை ஏக்கர். சேதம்: முழுவதும்.
நாள்: டிசம்பர் பதினொன்று, இரவு.
காவல் இருந்ததா: இல்லை.
காரணம்: வீட்டில் பிரசவம்.
உத்தரவு: காவல் இல்லாத நிலம். தள்ளுபடி.
கீழே அப்பாவின் கட்டைவிரல்,
மை கூடிப்போய் ரேகையே தெரியாமல்.

கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் இல்லை.
பார்த்து எழுதிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது.
யானை வந்த வருடம் நான் பிறக்கவில்லை.
நான் பிறந்த ராத்திரி என்பதால்
யானை வந்திருக்கிறது.
காரணங்கள், விளைவுகள் என்று
எத்தனை தேர்வில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.
ஒருமுறைகூடத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை.

காலியாகக் கிடந்த பரண்.
அதற்கப்புறம் வந்த தை, மாசி, பங்குனி.
யார் வீட்டில் கடன் வாங்கிக் களி கிண்டினார்களோ,
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்பா தக்காளி மண்டியில் கூடை ஏற்றிக்கொண்டிருப்பார்.
அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.
போகவில்லை.
பஸ் ஏறிவிட்டேன்.

ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.
துடுப்பை நிறுத்தாமல் கேட்டாள்.
"தேதி சரியாத்தான் இருக்கும், கவர்மெண்டு.
குட்டி வந்துச்சே, அத எழுதியிருக்கா?"
இல்லை.
"குட்டிக்குக் கதிர் ஒடிக்கத் தெரியல.
தாய் ஒடிச்சி ஒடிச்சிக் குடுத்துச்சு.
பாலாட்டம் நிலா.
உன்னப் பக்கத்துல போட்டுக்கிட்டு
வாசப்படியிலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருந்தோம்."

அப்பா?
"தகரத்த எடுத்துட்டாரு, தட்டி வெரட்ட.
நாந்தான் வேணாம்னேன்.
அப்பத்தான் நீ தூங்கியிருந்த."

நோட்டை எடுத்தேன்.
தகவலாளர்: முனியம்மாள்.
வயது: நாற்பது, அல்லது நாற்பத்தைந்து.
பிறந்த தேதி: தெரியாது.

களியைத் தட்டில் கவிழ்த்தபடி அம்மா சொன்னாள்:
"இதையெல்லாம் எழுதிக் குடுத்துராதடி.
மறுபடியும் தள்ளுபடின்னுருவான்."